கல் ஒருத்திக்கு, பத்தியம் வீட்டுக்கே

பித்தப்பையில் கல் இருக்கிறது என்று ஸ்கேன் பார்த்துச் சொல்லிவிட்டு டாக்டர் தருகிற உணவு ஆலோசனை பெரும்பாலும் ஒரே வரி: "எண்ணெய்ப் பலகாரத்தைக் குறைச்சுக்கோங்கம்மா." அவரைக் குற்றம் சொல்ல முடியாது, வாசலில் இன்னும் முப்பது பேர் டோக்கனோடு உட்கார்ந்திருக்கிறார்கள். ஆனால் அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு நாளைக் காலை அடுப்பில் என்ன ஏற்றுவது என்று வீட்டுக்கு வந்தவருக்குத் தெரிவதில்லை. அதற்குள் எதிர்வீட்டு அக்கா வாழைத்தண்டோடு வந்துவிடுகிறார். மச்சினர் வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ அனுப்புகிறார். ஊரிலிருந்து சித்தி போன் போட்டு, "பத்து நாள் வெறும் கஞ்சி குடிச்சா எல்லாம் கரைஞ்சுடும்" என்கிறார். எல்லாருக்கும் அக்கறைதான். அந்த அக்கறையில் பாதி ஆபத்தில் கொண்டுபோய் விடுகிறது. அதனால்தான் இவ்வளவு அவசரமாக இதை எழுத வேண்டியிருக்கிறது.

முதலில் ஒன்றைச் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். பித்தப்பையில் உருவாகிவிட்ட கல்லை எந்தச் சாப்பாடும் கரைக்காது. எந்தச் சாறும் கரைக்காது. உணவால் ஆகக்கூடிய காரியம் இரண்டு: வலி கிளம்பாமல் பார்த்துக்கொள்ளலாம், மேலும் கல் சேர்வதற்கான சூழலைக் கொஞ்சம் தணிக்கலாம். இந்த இரண்டுக்காகத் தட்டை ஒழுங்குபடுத்துங்கள். மூன்றாவதாக ஒன்றை அதனிடம் எதிர்பார்த்து மாதங்களைக் கடத்தாதீர்கள்.

வலி எப்படிக் கிளம்புகிறது என்று தெரிந்துகொண்டால் பாதி பத்தியம் தானாகப் புரிந்துவிடும். கல்லீரல் நாளொன்றுக்கு அரை லிட்டருக்கு மேல், ஒரு லிட்டர் வரைகூடப் பித்தநீர் சுரக்கிறது. அதன் அடியில் ஒட்டிக்கொண்டிருக்கிற பித்தப்பை அந்த நீரில் ஒரு பகுதியை வாங்கி, தண்ணீரை உறிஞ்சிக் கெட்டியாக்கி வைத்திருக்கிறது. 30 முதல் 50 மில்லி கொள்ளும் சிறிய பை. சாப்பாட்டின் கொழுப்பும் புரதமும் இரைப்பையைத் தாண்டி முன்சிறுகுடலுக்குள் இறங்கியதும் கோலிசிஸ்டோகைனின் என்ற ஹார்மோன் ரத்தத்தில் கலக்கிறது; 1928-இல் ஐவி, ஓல்ட்பெர்க் என்ற இருவர் அடையாளம் கண்டது அது. அது வந்து சேர்ந்ததும் பை சுருங்கிப் பித்தநீரைப் பிழிந்து அனுப்புகிறது. கொழுப்பு கூடினால் பிழிதலும் கூடும். கல் இல்லாதவருக்கு இதெல்லாம் நடப்பதே தெரியாது. கல் இருந்து, அது பையின் கழுத்தில் போய் உட்கார்ந்துகொண்டால், போக வழியில்லாத நீரைத் தள்ளித் தள்ளிப் பை விம்முகிறது. வலி அதுதான்.

கல்யாண வீட்டில் இரவு ஒன்பதரைக்கு மட்டன் பிரியாணி சாப்பிட்டுவிட்டு வந்து படுத்தவரைப் பாருங்கள். பன்னிரண்டு மணி வாக்கில் நெஞ்சுக்குழியில் ஒரு பிடி. படுத்தாலும் கேட்கவில்லை, உட்கார்ந்தாலும் கேட்கவில்லை. வலது விலாவுக்கு அடியில் பரவி, வலது தோள்பட்டைக்குப் பின்னால் போய்க் குத்துகிறது. விளக்கைப் போட்டுக்கொண்டு ஹாலில் நடக்கிறார். "கேஸ்தான்" என்று ஒரு சோடா, அப்புறம் ஓமத்திரவம், அப்புறம் ஜெலுசில். மூன்று மணிக்கு வலி தானாக விட்டுவிடுகிறது. காலையில் எழுந்து, "ஓமத்திரவத்துக்குக் கேட்டுடுச்சு" என்கிறார். ஓமத்திரவம் ஒன்றும் செய்யவில்லை. அடைத்த கல் தானாகப் பின்னுக்கு நழுவியது, அவ்வளவுதான். இப்படியே இரண்டு வருடம் ஓமத்திரவத்திலேயே ஓட்டியவர்கள் உண்டு. போகிற போக்கில் இன்னொன்று: நெஞ்சுக்குழி வலி மாரடைப்பாகவும் இருக்கலாம். கல் இருப்பது ஏற்கெனவே தெரிந்திருந்தாலும், வியர்வையும் மூச்சுத்திணறலும் சேர்ந்து வருகிற வலியைக் கல்லின் கணக்கில் எழுதிவிட்டுத் தூங்கப் போகாதீர்கள். முதலில் ஈ.சி.ஜி.

எல்லாரும் இப்படி அவதிப்படுவதில்லை. கல் உள்ளவர்களில் ஐந்தில் நான்கு பேருக்கு அது சும்மா கிடக்கிறது. வேறு எதற்கோ எடுத்த ஸ்கேனில் தற்செயலாகத் தெரிகிறது. அவர்கள் பயந்துபோய் எண்ணெய்ச் சட்டியை உடைக்க வேண்டியதில்லை. எல்லாருக்கும் நல்லதான சாப்பாடு அவர்களுக்கும் போதும். ஒரு தடவையாவது மேலே சொன்ன வலி வந்தவருக்கு நிலைமை வேறு. அது திரும்ப வரும் என்றே வைத்துக்கொண்டு நடக்க வேண்டும். இனிமேல் எழுதுவதெல்லாம் முக்கியமாக அவர்களுக்கும், அவர்களோடு ஒரே வீட்டில் சாப்பிடுகிறவர்களுக்கும்.

வாழைத்தண்டை முடித்துவிடுவோம். கல் என்றாலே நம் ஊரில் கிட்னிக் கல்தான் நினைவுக்கு வருகிறது. தக்காளி விதையை எடுத்துவிடு, பாலக்கீரை ஆகாது, பார்லித் தண்ணீர் குடி, சிறுபீளைக் கஷாயம் வை என்று சொல்வதெல்லாம் அந்தக் கல்லுக்கான பேச்சு. அது சிறுநீரில் உப்புகள் சேர்ந்து உருவாவது. தண்ணீர் நிறையக் குடித்தால் சிறியது வெளியேறவும் கூடும். பித்தப்பைக் கல் வேறு உறுப்பில், வேறு பொருளில் உண்டாவது. பித்தநீரில் கரைந்திருக்க வேண்டிய கொலஸ்ட்ராலோ நிறமியோ அளவு மீறி உறைந்து அது உருவாகிறது. சிறுநீர் வழிக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. வாழைத்தண்டு நல்ல காய், நார்ச்சத்து உண்டு, பொரியல் பண்ணிச் சாப்பிடுங்கள். அதைச் சாறாக்கிக் காலையில் ஒரு டம்ளர் குடித்துவிட்டு, மத்தியானம் ஹோட்டலில் நெய் ரோஸ்ட் சாப்பிடுகிறவரைப் பார்த்தால்தான் கோபம் வருகிறது. தக்காளியை ஒதுக்கிவிட்டு வடையைத் தின்பது பத்தியம் ஆகாது.

இனி எண்ணெய். எண்ணெயில் நல்ல எண்ணெய், கெட்ட எண்ணெய் என்று சண்டை போடுகிற காலம் இது. இதயத்துக்கு அந்தச் சண்டை முக்கியமாக இருக்கலாம். வலியோடு இருக்கிற பித்தப்பைக்கு முக்கியம் அளவு ஒன்றுதான். மரச்செக்கில் ஆட்டிய கடலெண்ணெயும் பாக்கெட் பாமாயிலும் ஆலிவ் எண்ணெயும் நூற்றுக்கு நூறு கொழுப்புதான். ஒரு மேசைக்கரண்டி, அதாவது 15 மில்லி, ஏறக்குறைய 14 கிராம் கொழுப்பு. "எங்க வீட்டுல செக்கு எண்ணெய்தான்" என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டே பஜ்ஜி பொரிக்கிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

நான் சொல்வது ஒரு சின்ன வேலை. தாளிக்கும்போது எண்ணெய்ப் பாத்திரத்தை அப்படியே வாணலியில் சரிக்காதீர்கள். ஒரு தேக்கரண்டியை எண்ணெய்க்குள்ளேயே போட்டு வையுங்கள். ஆளுக்கு நாளொன்றுக்கு நான்கு தேக்கரண்டி என்று வைத்துக்கொண்டால், நான்கு பேர் உள்ள வீட்டுக்கு மாதம் இரண்டரை லிட்டர் தாராளமாகப் போதும். உங்கள் மளிகைச் சீட்டில் இப்போது எவ்வளவு இருக்கிறது என்று பாருங்கள். ஐந்து லிட்டர் கேன் மாதக் கடைசிக்குள் தீர்கிறதென்றால், கல்லுக்கு முன்னால் அந்தக் கேனைப் பற்றித்தான் பேச வேண்டும்.

நம் சாப்பாட்டில் பித்தப்பைக்கு இதமானவை ஏராளம். அதை மறந்துவிட்டு ஓட்ஸைத் தேடி ஓடுகிறோம். ஆவியில் வேகிற இட்லி, இடியாப்பம், பிட்டு மூன்றிலும் எண்ணெய் கிடையாது. ஆனால் இரண்டு இட்லிக்குப் பொடியில் குழி பறித்து நல்லெண்ணெய் ஊற்றுகிறோமே, அங்கேதான் கணக்கு தவறுகிறது. இடியாப்பத்துக்குக் கெட்டித் தேங்காய்ப்பால் ஊற்றுகிற இடத்திலும் அப்படித்தான். தேங்காய்த் துருவலில் மூன்றில் ஒரு பங்கு கொழுப்பு. வேர்க்கடலையில் ஏறத்தாழப் பாதி. அதற்காகச் சட்னியே கூடாது என்று இல்லை. தேங்காய்ச் சட்னி ஒரு கரண்டியோடு நிற்கட்டும். தக்காளி, புதினா, கொத்தமல்லித் துவையல்களும் சாம்பாரும் மீதி இடத்தை நிரப்பட்டும். தோசை சாப்பிடலாம், கல்லில் எண்ணெயைத் துணியால் தடவி. பொங்கலை நெய் மிதக்காமல் மிளகு சீரகத்தோடு குழையச் செய்தால் அதுவும் ஆகும்.

மத்தியானத்துக்குச் சோறு, பருப்பு, ரசம், கூட்டு, கீரை மசியல், மோர் போதும். இதைவிடப் பொருத்தமான தட்டை எந்த ஊர் உணவு நிபுணரும் எழுதிக் கொடுக்க முடியாது. பொரியல் என்ற பெயரில் வறுவல் வராமல் இருந்தால் சரி. முளைகட்டிய பயறு, சுண்டல், கேழ்வரகு, கம்பு, கைக்குத்தல் அரிசி எல்லாம் நார்ச்சத்துக்காகவே வேண்டும்; மலச்சிக்கலோடு மந்தமாகக் கிடக்கிற குடல், பித்தநீரின் கலவையையும் கல்லுக்குச் சாதகமாக மாற்றுகிறது. பால் விஷயத்தில் பாக்கெட்டின் நிறத்தைப் பாருங்கள். ஆவின் ஆரஞ்சுப் பாக்கெட்டில் கொழுப்பு 6 சதவீதம், நீலத்தில் 3. காபி அதே காபிதான். காபியை நிறுத்தச் சொல்லிச் சிலர் பயமுறுத்துகிறார்கள். உண்மையில் காபி குடிக்கிறவர்களிடம் பித்தக்கல் உபத்திரவம் குறைவாக இருப்பதாகவே பெரிய ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அதற்காகப் புதிதாகக் காபி பழக வேண்டாம், குடிப்பவர் பயப்படவும் வேண்டாம்.

அசைவம் சாப்பிடுகிறவர்களிடம் எல்லாவற்றையும் விடு என்று சொன்னால் ஒரு வாரம் விடுவார்கள். எட்டாம் நாள் மொத்தமாகப் பிடித்துக்கொள்வார்கள். மீன் குழம்பு தாராளமாக ஆகும். அதே மீனை வறுத்தால்தான் ஆகாது. தோல் நீக்கிய கோழியைக் குழம்பு வைக்கலாம். ஆட்டில் கொழுப்பு ஒட்டிய துண்டு, நல்லி, குடல், மூளை எல்லாம் இப்போதைக்கு வேண்டாம். முட்டையின் 5 கிராம் கொழுப்பும் மஞ்சள் கருவில்தான் இருக்கிறது. சிலருக்கு முட்டை சாப்பிட்ட அன்று வலி தவறாமல் வருகிறது, சிலருக்கு ஒன்றும் செய்வதில்லை. இதை உங்கள் உடம்பிடம்தான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். என்ன சாப்பிட்ட இரவு வலி வந்தது என்று காலண்டர் தாளிலேயே குறித்து வாருங்கள். காரமும் புளியும் கல்லை உண்டாக்குவதில்லை. வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்றால் குறையுங்கள், இல்லையென்றால் விடுங்கள்.

எண்ணெயை விட்டவர் பன்னைப் பிடிப்பது இன்னொரு வேடிக்கை. "நான் ஆயிலே தொடறதில்லைங்க, ரெண்டு ரஸ்க்கும் டீயும்தான்" என்று சொல்கிறவரின் நாள் முழுக்க மைதாவும் சர்க்கரையுமாக ஓடுகிறது. சர்க்கரையும் தீட்டிய மாவும் எடையைக் கூட்டும். கல்லோடு அவற்றுக்கு இருக்கிற தொடர்பும் ஆய்வுகளில் பதிவானதே. பிஸ்கட்டில், பப்ஸில், கேக்கில் கண்ணுக்குத் தெரியாத கொழுப்பு வேறு. பரோட்டாவில் இரண்டும் சேர்ந்தே வருகிறது. அதுவும் விருதுநகர் எண்ணெய் பரோட்டாவைப் பற்றி நான் தனியாக எழுத வேண்டியதில்லை.

1968-இல் எஸ்.எல். மல்ஹோத்ரா இந்திய ரயில்வே ஊழியர்களிடையே செய்த ஆய்வு ஒன்றில், தெற்கத்தியரைவிட வடக்கத்தியரிடம் பித்தக்கல் ஏழு மடங்கு அதிகம் இருந்தது. நமக்கு இது வராது என்று அதை வைத்து ஆறுதல் பட்டுக்கொள்ள வேண்டாம். அன்றைக்கு இந்தப் பக்கத்தில் இருந்த தட்டு இன்றைக்கு இல்லை.

இதுவரை சொன்னதை ஆர்வக்கோளாறில் எல்லை தாண்டிக் கொண்டுபோகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. எண்ணெய்த் துளியே கூடாது என்று கஞ்சியும் பழமுமாகக் கிடப்பது, கொழுப்பில் புரள்வதைப் போலவே கெடுதல். கொழுப்பே வராவிட்டால் பித்தப்பைக்குச் சுருங்குவதற்கு வேலை இல்லை. உள்ளே நீர் தேங்குகிறது; தேங்கிய நீர் கசடாகக் கெட்டிப்படுகிறது; கசடிலிருந்து கல். வாரத்துக்கு ஒன்றரைக் கிலோவுக்கு மேல் எடை இறங்குகிறவர்களுக்குப் புதிய கல் வருகிற ஆபத்து கூடுகிறது என்பது மருத்துவர்களுக்கு நன்றாகத் தெரிந்த விஷயம். எடை குறைப்பு அறுவை செய்துகொண்டவர்களுக்கு முதல் ஆறு மாதம் அதற்காகவே மாத்திரை கொடுக்கிறார்கள். எடையைக் குறைக்கத்தான் வேண்டும். மாதத்துக்கு இரண்டு கிலோ போதும். பகலில் ஒரு வேளையாவது சுமார் 10 கிராம் கொழுப்பு, அதாவது இரண்டு தேக்கரண்டி எண்ணெய் அளவு, வயிற்றுக்குள் போகட்டும். மீதியைப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒரே வேளையில் மொத்தமாக இறங்குவதுதான் ஆகாது.

விரதமும் இந்தக் கணக்கில் வருகிறது. கந்த சஷ்டிக்கு ஆறு நாள் பாலும் பழமுமாக இருந்துவிட்டு ஏழாம் நாள் வடை பாயசத்தோடு இலை போடுவது, நோன்பு திறந்ததும் சமோசாவில் கை வைப்பது எல்லாம் தேங்கிய பையைத் திடீரென்று பிழியச் சொல்வதுதான். நோயாளிக்கு விலக்குக் கொடுக்காத சமயம் எதுவும் நம்மிடையே இல்லை. வலி வந்தவர்கள் இந்த வருடம் அந்த விலக்கை எடுத்துக்கொள்ளுங்கள். இருந்தே தீருவேன் என்பவர்கள் டாக்டரிடம் சொல்லிவிட்டு இருங்கள். நோன்பைக் கஞ்சியோடு திறந்து, பொரித்ததைத் தொடாமல் விடுங்கள்.

இப்போது இந்தக் கட்டுரையை எழுத வைத்த இடத்துக்கு வருகிறேன். குழந்தை பெறும் வயதில் பித்தக்கல் ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகம். பெண் ஹார்மோன்கள் பித்தநீரில் கொலஸ்ட்ராலைக் கூட்டுகின்றன. கர்ப்ப காலத்தில் பை மந்தமாகிறது. இது உடம்பின் காரணம். நம் வீடுகளில் இதற்கு மேல் ஒரு காரணத்தை நாமே சேர்த்து வைத்திருக்கிறோம். வீட்டின் அம்மா முந்தின இரவு எல்லாரும் சாப்பிட்ட பிறகு ஒன்பதரைக்குச் சாப்பிடுகிறார். காலை ஐந்தரைக்கு எழுந்து ஒரு டம்ளர் காபி. பிள்ளைகளுக்கு டப்பா கட்டி, கணவருக்குத் தோசை வார்த்து, மாமனாருக்குக் கஞ்சி வைத்து, பாத்திரம் துலக்கி, துணி உலர்த்தி, பதினொன்றரைக்குத் தரையில் உட்கார்கிறார். தட்டில் ஆறிப்போன இரண்டு தோசை. தொட்டுக்கொள்ள, வாணலியின் அடியில் தங்கிய உருளைக்கிழங்கு வறுவல், அதன் எண்ணெயோடு. வீணாகப் போகக்கூடாதே என்று அதையும் வழித்துப் போட்டுக்கொள்கிறார். பதினான்கு மணி நேரம் வேலையில்லாமல் கிடந்த பித்தப்பைக்கு வந்து சேர்கிற முதல் உணவு இது. இரவு நெடுநேரம் வயிறு காலியாகக் கிடக்கிற பெண்களுக்குக் கல் அதிகம் என்பதை ஆய்வுகள் சொல்லியிருக்கின்றன. நாம் அதைப் பொறுமை என்றும் குடும்பப் பாங்கு என்றும் மெச்சிக்கொண்டிருக்கிறோம்.

அம்மா, கேளுங்கள். காலை எட்டு மணிக்குள் நீங்கள் சாப்பிட வேண்டும். வீட்டில் யாருக்கு முன்னால், யாருக்குப் பின்னால் என்ற கேள்வியே இதில் வேண்டாம். மீந்தது வீணானால் ஆகட்டும். குப்பையில் விழ வேண்டிய எண்ணெய் உங்கள் வயிற்றில் விழ வேண்டியதில்லை. இரவுச் சாப்பாடு எட்டு மணிக்குள் முடியட்டும். நடுவில் பசித்தால் ஒரு கொய்யா, ஒரு டம்ளர் மோர், ஒரு பிடி சுண்டல்.

ஐயா, நீங்களும் கேளுங்கள். மனைவியின் வயிற்றில் கல் இருக்கிறது என்றால், "உனக்கு மட்டும் தனியா பண்ணிக்கோ" என்று சொல்லிவிட்டுக் கடமை முடிந்ததாக நினைக்காதீர்கள். அவர் தனியாகப் பண்ணிக்கொள்ள மாட்டார். இரண்டு வாணலி ஏற்றுகிற வீட்டில் இரண்டாவது வாணலி பத்து நாளில் இறங்கிவிடும். உங்களுக்கு வறுத்ததில் ஒரு கரண்டி அவர் தட்டுக்கும் போகும். அதனால் வீட்டுக்கே ஒரு சமையல், அது அவருக்கு ஆகும் சமையல். உங்களுக்கும் பிள்ளைகளுக்கும் அதில் ஒரு குறையும் வராது. சர்க்கரையும் ரத்தக்கொதிப்பும் உள்ள வீடாக இருந்தால் லாபம்தான். வெள்ளிக்கிழமை மாலை கையில் பஜ்ஜிப் பொட்டலத்தோடு வந்து, "நீ சாப்பிடாதே, நாங்க சாப்பிட்டுக்கறோம்" என்று அவர் எதிரில் பிரிக்காதீர்கள். அது அன்பில்லாத செயல்.

விருந்து போடுகிறவர்களிடமும் ஒன்று கேட்க வேண்டும். நாத்தனார் வீட்டுக்குப் போனால், "ஒரு நாள்தானே, ஒண்ணும் ஆகாது" என்பார். இலையில் பருப்புக்கு மேல் நெய்யைச் சாய்த்துவிட்டு, "அச்சச்சோ, கொஞ்சம் கூடப் போயிடுச்சு" என்று சிரிப்பார். உபசாரம் என்று அதை நாம் பொறுத்துக்கொள்கிறோம். ராத்திரி ஒரு மணிக்கு ஹாலில் நடக்கப்போவது அவர் இல்லை. வேண்டாம் என்றவருக்கு இரண்டாம் முறை பரிமாறாமல் இருப்பதும் உபசாரம்தான். சாப்பிடப் போகிறவர்கள் வெறும் வயிற்றோடு பந்திக்குப் போகாதீர்கள். பசி வந்தால் உறுதி நிற்காது. வீட்டிலேயே இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டுப் போய், இலையில் சோறு, ரசம், கூட்டு, மோர் என்று முடித்துக்கொள்ளுங்கள். வடையையும் அப்பளத்தையும் பக்கத்து இலைக்குத் தள்ளிவிடலாம். பாயசம் ஒரு ஸ்பூன் வாங்கிக்கொண்டால் மரியாதையும் தப்பும்.

அந்த வாட்ஸ்அப் வீடியோவுக்கு வருவோம். நான்கைந்து நாள் ஆப்பிள் ஜூஸ், பேதிக்கு எப்சம் உப்பு, கடைசி இரவில் ஒரு டம்ளர் ஆலிவ் எண்ணெயில் எலுமிச்சைச் சாறு. காலையில் பச்சைப் பச்சையாக உருண்டைகள் வெளியேறுகின்றன; அதைச் சல்லடையில் கழுவிப் படம் எடுத்துப் போடுகிறார்கள். 2005-இல் லான்செட் மருத்துவ இதழில் இப்படி ஒருவர் கொண்டுவந்த உருண்டைகளைச் சோதித்துப் பார்த்து எழுதினார்கள். அவை கல்லே இல்லை. குடித்த எண்ணெயும் சாறும் வயிற்றுக்குள் சேர்ந்து உருவான சோப்புக் கட்டிகள். அடுத்த ஸ்கேனில் கல் இருந்த இடத்திலேயே இருக்கும். அது மட்டுமாக இருந்தால் ஏமாற்று வேலை என்று சிரித்துவிட்டுப் போகலாம். கல் உள்ள பைக்கு ஒரே மடக்கில் அவ்வளவு எண்ணெய் கொடுத்தால் அது முழுமூச்சாகப் பிழியும். நகர்ந்த கல் பித்தக்குழாயில் இறங்கிச் சிக்கினால் கணையம் வரை வீங்கும். இந்த வீடியோவை அனுப்புகிறவர்கள் கை கூசாமல் அனுப்புகிறார்கள். உங்களுக்கு வந்தால் அழித்துவிடுங்கள், அடுத்தவருக்குத் தள்ளாதீர்கள்.

கரைக்கிற மாத்திரை ஒன்று உண்மையிலேயே இருக்கிறது: அர்சோடியாக்சிகோலிக் அமிலம். கல் சிறியதாக, சுண்ணாம்பு ஏறாத கொலஸ்ட்ரால் கல்லாக இருந்து, பையும் ஒழுங்காகச் சுருங்கினால் ஆறு மாதம் முதல் இரண்டு வருடம் வரை சாப்பிட்டுப் பார்க்கலாம். நிறுத்திய பிறகு ஐந்து வருடத்துக்குள் பாதிப் பேருக்குத் திரும்ப வருகிறது. எல்லாக் கல்லும் கொலஸ்ட்ரால் கல்லும் இல்லை. ரத்தச் சிவப்பணுக்கள் சீக்கிரம் சிதைகிற பரம்பரை நோய் உள்ள குழந்தைகளுக்கு நிறமிக் கல் வருகிறது. அந்தத் தாய்மார்களை, "என்னத்தைத் தின்னக் கொடுத்தே?" என்று கேட்பவர்கள் வாயை மூடிக்கொள்ள வேண்டும். அந்தக் கல் சாப்பாட்டால் வந்ததல்ல.

பத்தியம் நன்றாகப் பிடித்துவிட்டது, நான்கு மாதமாக வலியே இல்லை என்பவர்கள் சந்தோஷப்படுங்கள். ஆனால் அறுவை வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தால், அந்த நான்கு மாதத்தைக் காட்டித் தேதியைத் தள்ளாதீர்கள். "சின்னக் கல்தானே, 4 மில்லிமீட்டர்" என்ற தைரியமும் வேண்டாம். பெரிய கல் பைக்குள்ளேயே புரண்டு கிடக்கும். பித்தக்குழாய்க்குள் நழுவிப் போய்க் கணைய அழற்சியை உண்டாக்குவது பெரும்பாலும் சின்னக் கல்தான். பை இல்லாமல் மனிதன் வாழ முடியுமா என்ற பயமும் வேண்டாம். 1882 ஜூலையில் பெர்லினில் கார்ல் லாங்கன்பூக் முதன்முதலாகப் பித்தப்பையை வெட்டி எடுத்தார்; அதற்குப் பிறகு உலகம் முழுக்கக் கோடிக்கணக்கானவர்கள் அது இல்லாமல் சாப்பிட்டு நடமாடிக்கொண்டிருக்கிறார்கள். 1985-இல் எரிக் மூஹே லேப்ராஸ்கோப்பி வழியில் எடுத்துக் காட்டிய பிறகு வயிற்றைக் கிழிக்க வேண்டிய தேவையும் பெருமளவு போய்விட்டது. நம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் இந்த அறுவை நடக்கிறது. சிக்கல் இல்லாவிட்டால் ஓரிரு நாளில் வீடு. பிறகு கல்லீரல் சுரக்கிற பித்தநீர் நேராகக் குடலில் சொட்டிக்கொண்டிருக்கும். முதல் சில வாரம் கொழுப்பு கூடினால் வயிறு இளகும். மெல்ல மெல்லப் பழைய சாப்பாட்டுக்கு வந்துவிடலாம்.

வலி ஐந்து மணி நேரம் தாண்டியும் விடவில்லை, குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல், நிற்காத வாந்தி, கண்ணில் மஞ்சள், சிறுநீர் அடர்ந்த பழுப்பு, மலம் வெளுப்பு — இவற்றில் ஒன்று வந்தாலும் சமையல் பேச்சு அங்கே முடிந்தது. குறிப்பாக அந்த மஞ்சளைப் பார்த்ததும் காமாலைக்குக் கீழாநெல்லி அரைக்கிறவரைத் தேடிப் பக்கத்து ஊருக்குப் பஸ் ஏறாதீர்கள். அது பித்தக்குழாயில் கல் சிக்கியதால் வந்த காமாலையாக இருந்தால், எண்டோஸ்கோப்பி வழியாக அந்தக் கல்லை எடுத்தால்தான் தீரும். அடைப்புக்குப் பின்னால் சீழ் பிடித்துவிட்டால் மணிக்கணக்கில் உயிருக்கு வந்துவிடும். அப்போது வாயில் எதுவும் கொடுக்காதீர்கள், இளநீர்கூட வேண்டாம். பழைய ஸ்கேன் ரிப்போர்ட்டையும் சாப்பிடுகிற மாத்திரைகளையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு, 108-ஐ அழைத்தாவது, அறுவை வசதி உள்ள மருத்துவமனைக்கு அந்த ராத்திரியே கிளம்புங்கள்.